வெண்டல் பெயரில் ஆடியவன்

மாலை ஐந்து மணி. ஜனவரி மாதம். ஹால்வர் ஸ்டேஷனிலிருந்து ஊருக்குப் போகிற சாலை. இரண்டு பக்கமும் அறுத்து முடித்த சோளக்காடு... அதன் மேல் பனி. தந்திக் கம்பங்களைத் தவிர அங்கே நிமிர்ந்து நிற்கிற பொருள் ஒன்றும் இல்லை. அந்தச் சாலையில் கல்லூரிப் பையன்கள் ஐந்து பேர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போகிறார்கள். அவர்களில் ஒருவன் ஆர்விட்.

ஆமாம் சிக்னே, உன் சித்தப்பாதான். அவர் கூடைப்பந்து ஆடிய காலத்துக் கதையைச் சொல்லச் சொல்லி நீதானே கேட்டாய்? மேப்பிள் கிரீக் கல்லூரி ஒரு ஆட்டம்கூடத் தோற்காத வருஷம். அந்த வருஷத்தை வெள்ளைச் சாயத்தில் எழுதிய பந்து, அதோ, உங்கள் அலமாரி மேலேயே இருக்கிறது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆனால் நான் இப்போது சொல்லப் போவது அவர் சொன்ன கதை இல்லை.

அடுப்பில் இன்னும் ஒரு கட்டை போடுங்கள். அந்தக் கதவைச் சாத்துங்கள். சித்தப்பா மாட்டுக் கொட்டகையில்தானே இருக்கிறார்? கன்று போடுகிற மாடு... வர நேரமாகும். சரி.

நடந்து போன ஐந்து பேரில் ஆடுகிறவர்கள் நாலு பேர்தான். ஆர்விட், வாயாடி டட்லி, அப்புறம் பெக் அண்ணன் தம்பிகள் இருவர். ஐந்தாவது ஆள் ஹோமர். அவன் மேனேஜர். ரயில் சீட்டு எடுப்பது, தங்க இடம் பிடிப்பது, எதிர் அணியோடு வாய்ச்சண்டை போடுவது எல்லாம் அவன் வேலை. சோடாபுட்டிக் கண்ணாடி. அதைக் கழற்றினால் அவனுக்குத் தன் கையே தெரியாது.

ஆட வேண்டியவர்கள் ஐந்து பேர். ஐந்தாவது ஆட்டக்காரன் வெண்டல். அவன் முந்தின ஊரில், கோல்பியில், மிஸஸ் டட்டில் என்ற அம்மாள் நடத்திய விடுதியில் காய்ச்சலோடு படுத்திருந்தான். கைவசம் வைத்திருந்த ஆறாவது பையனோ கிறிஸ்துமஸுக்கு முன்பே தோள் எலும்பு முறிந்து வீட்டுக்குப் போய்விட்டான்.

வெண்டலும் ஆர்விட்டும் ஒரே அறையில் படித்தவர்கள். ஆர்விட்டை 'ஆரி' என்று கூப்பிடுகிறவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான். அந்தக் காலத்தில் எதிராளி தப்பாட்டம் ஆடினால் கிடைக்கிற வீச்சையெல்லாம் அணியில் ஒரே ஆள்தான் எறிவான். மேப்பிள் கிரீக்கில் அது வெண்டல். வீச்சுக் கோட்டில் நிற்பான். பந்தைத் திருப்பி, தோலை இழுத்துக் கட்டிய கயிற்று முடிச்சை மேலே கொண்டு வருவான். விரல்களை வாய்க்கருகே வைத்து இரண்டு தடவை ஊதுவான். ஃபூ... ஃபூ... குளிரில் அந்த மூச்சு வெள்ளையாகச் சுருண்டு போகும். அது கலைவதற்குள் பந்து கூடைக்குள் இருக்கும்.

சுற்றுப்பயணம் கிளம்பிய அன்று வெண்டலின் அம்மா ஸ்டேஷனுக்கு வந்திருந்தாள். விதவை. ஒரே பிள்ளை. ஆர்விட்டின் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "தம்பி, இவனுக்கு நெஞ்சு பலமில்ல. விளையாட்டுல புத்தி போயிடும், சட்டை மாத்த மாட்டான். உன்னை நம்பித்தான் அனுப்பறேன். போன மாதிரியே கொண்டு வந்து விட்டுடணும்."

"கொண்டு வந்து விடறேன் அம்மா" என்றான் ஆர்விட்.

கோல்பியில் கிளம்பும்போது வெண்டல் அவன் கையை விடவில்லை. கை கொதித்தது.

"ஆரி, என்னை இங்க விட்டுட்டுப் போகாதடா."

"இன்னும் கொஞ்ச ஆட்டம்தான். முடிஞ்சதும் நேரா இங்கதான் வருவேன். உன்னைத் தூக்கிட்டுத்தான் ஊருக்குப் போவேன்."

"போயிட்டா மறந்துடுவீங்க."

"பைத்தியம்! தூங்கு."

இப்படி விட்டுவிட்டு வந்தவன்தான் அந்தச் சாலையில் நடந்துகொண்டிருந்தான்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். சீசன் தொடங்கும்போதே அணியின் பெயர்களை எல்லாக் கல்லூரிக்கும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெயர்களைத் தவிர வேறு பெயரில் ஒருவனும் இறங்கக் கூடாது. அதனால் என்ன செய்வார்கள் என்றால், ஆள் குறைந்தால் வழியில் கிடைக்கிற ஒரு முரட்டுப் பையனைப் பிடித்து, காய்ச்சலில் கிடக்கிறவன் பெயரைச் சொல்லி இறக்கிவிடுவார்கள். கொல்லன், கறிக்கடைக்காரன், பக்கத்து ஊரில் கூலிக்கு ஆடுகிறவன்... யாராக இருந்தாலும் சரி. நடுவருக்கும் தெரியும். எதிர் அணிக்கும் தெரியும். போன வாரம் அவர்களும் அதைத்தானே செய்திருப்பார்கள்? பெயர் சரியாக இருந்தால் போதும்.

டட்லி ஹோமரைச் சீண்டிக்கொண்டே வந்தான். "நீயே இறங்குடா ஹோமர். கண்ணாடியைக் கழட்டிட்டு நடுவுல நில்லு. எதிராளி பாவம் பார்த்துப் பந்தைக் கொடுத்துடுவான்."

"வாயை மூடு. ஆட்டத்தை விட்டுக்கொடுத்தா சீசனே போச்சு. ஊருக்குள்ள போனதும் எவனையாவது பிடிக்கறேன்."

பனியில் காலடிச் சத்தம். கறுக்... கறுக்... கறுக். ஆர்விட் கடைசியாக நடந்தான். வெண்டலின் நினைப்பாகவே இருந்தான். அதனால் பின்னால் இன்னொரு ஜோடிக் காலடி எப்போது சேர்ந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்டபோது அது ஏற்கனவே அங்கே இருந்தது. கூடவே ஒரு வாசனை... மெழுகுவர்த்தியை ஊதி அணைத்ததும் வருமே, அந்தத் திரி வாசனை.

திரும்பிப் பார்த்தான். தோளில் பையோடு ஒருவன். அவர்கள் வயதுதான். காதுவரை தொப்பி. தலையை லேசாக ஆட்டினான், நெடுநாள் பழகியவன் மாதிரி.

சரி, ஹோமர் ஸ்டேஷனிலேயே ஆளைப் பிடித்துவிட்டான் போல என்று ஆர்விட் நினைத்துக்கொண்டான்.

விவசாயக் கருவிகள் விற்கிற கடைக்கு மாடியில்தான் ஹால்வரின் ஆட்டக்கூடம். மூலையில் இரும்பு அடுப்பு. அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு முதுகு வேகும், அந்தக் கோடியில் இருப்பவனுக்கு மூக்கு உறையும். ஊரே வந்து சுவரோரம் நெருக்கி நின்றது. புகையிலை, ஈரக் கம்பளி, மண்ணெண்ணெய் நாற்றம்.

ஹால்வர் அணியின் கேப்டன் வந்தான். கையைப் பிசைந்துகொண்டே பார்த்தான். "என்னப்பா, முகம் ஒண்ணு புதுசா இருக்கே? கூலிக்கு ஆடற ஆளா?"

நடுவர் ஹோமரைக் கேட்டார். "ஐந்தாவது ஆள் பேர் என்ன?"

ஹோமர் ஆர்விட்டைப் பார்த்தான். டட்லியும் ஆர்விட்டைப் பார்த்தான். பெக் சகோதரர்களும் பார்த்தார்கள்.  புதியவன் சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றான். அவனும் ஆர்விட்டைத்தான் பார்த்தான். காத்திருக்கிற பார்வை.

"வெண்டல் க்ராவுஸ்" என்றான் ஆர்விட்.

புதியவன் சிரித்தான். குளிரில் நிற்கிறவனுக்கு யாரோ கோட்டை எடுத்துப் போர்த்திவிட்டால் வருமே, அந்த மாதிரி ஒரு சிரிப்பு. நடுவர் கூட்டத்தைப் பார்த்துக் கத்திச் சொன்னார். "மேப்பிள் கிரீக்! வெண்டல் க்ராவுஸ்!"

அவன் நன்றாகவே ஆடினான். கூடை விழுகிற ஒவ்வொரு தடவையும் பந்தை நடுவுக்குக் கொண்டுவந்து மேலே தூக்கிப் போடுவார்கள். அவன் குதிப்பது தெரியாது, கை மட்டும் மேலே இருக்கும். பழைய பந்து. உருண்டை அல்ல. தரையில் முடிச்சுப் படுகிறபோது சத்தம் மாறும். தம்... தம்... சட். மற்றவர்கள் அடித்தால் எப்போதாவது வரும் அந்த 'சட்', இவன் அடித்தால் கணக்காக வந்தது.

பிறகு ஒரு தப்பாட்ட வீச்சு கிடைத்தது. யாரும் சொல்லாமலே புதியவன் கோட்டுக்குப் போனான். பந்தைத் திருப்பினான். முடிச்சு மேலே வந்தது. விரல்களை வாய்க்கருகே கொண்டு போனான். ஃபூ... ஃபூ...

 அந்தக் கோடியில் கடுங்குளிர். நடுவர் வாயில் புகை. டட்லி வாயில் புகை. சுவரோரம் நிற்கிற கிழவன், குழந்தை, எல்லார் வாயிலும் வெள்ளைப் புகை.

அவன் ஊதியதில் ஒன்றுமே வரவில்லை.

பந்து கூடைக்குள் விழுந்தது.

ஆட்டம் முடிந்ததும் ஆர்விட் ஹோமரை மாடிப்படிக்கு இழுத்துப் போனான்.

"யார்டா அவன்? எங்க பிடிச்ச?"

"நானா? நீதானே கூட்டிட்டு வந்த? உன்கூடத்தானே நடந்து வந்தான்."

"நான் கூட்டிட்டு வரல."

"அப்ப டட்லி."

டட்லியைக் கேட்டால், "நான் ஹோமர் ஏற்பாடுன்னு நினைச்சேன். நல்லா ஆடறான்ல? விடு."

பெக் சகோதரர்கள் தோளைக் குலுக்கினார்கள். எல்லோரும் மற்றவன் கூட்டி வந்தான் என்று நினைத்திருக்கிறார்கள். அல்லது ஒருவன் பொய் சொல்கிறான். ஆர்விட் ஹோமரைச் சந்தேகித்தான். ஜெயிப்பதற்காக எதையும் செய்யக்கூடியவன் அவன்தான். ஹோமரோ ஆர்விட்டைச் சந்தேகித்தான். கடைசியில் ஆர்விட் அந்த ஆளிடமே போனான்.

"உன் பேர் என்ன?"

அவன் ஷூ முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னான். "அதான் நீயே சொன்னியே."

விடுதியில் இரண்டு பேருக்கு ஒரு கட்டில். வெண்டலின் இடம் காலியாக இருந்ததால் அவன் ஆர்விட்டின் பக்கத்தில் படுத்தான். கம்பளிக்குள் ஒரு ஆள் படுத்தால் கொஞ்ச நேரத்தில் சூடு வர வேண்டுமல்லவா? வரவில்லை. திரி வாசனை மட்டும் வந்தது. ஆர்விட் சுவரோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடாமல் கிடந்தான்.

காலையில் மருந்துக்கடையில் இருந்த டெலிபோனில் கோல்பிக்குப் பேசினான். மிஸஸ் டட்டிலின் குரல் தகரப் பெட்டிக்குள்ளிருந்து வருவது போல் கேட்டது.

"காய்ச்சல் இறங்கிடுச்சுப்பா. நேத்து சாயங்காலம் சட்டுனு இறங்கிடுச்சு. கஞ்சி குடிச்சான்."

ஆர்விட்டுக்கு உயிர் வந்தது. "அவனைக் கூப்பிடறீங்களா அம்மா?"

"கூப்பிடலாம்... ஆனா ஒண்ணு சொல்றேன், பயப்படாத. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறான். தொட்டுக் கூப்பிட்டாத்தான் பார்க்கறான். காய்ச்சல் தலைக்கு ஏறினா அப்படி ஆகும்னு டாக்டர் சொல்றார்."

நேற்றுச் சாயங்காலம். நடுவர் பெயரைக் கத்திய நேரம்... ஆர்விட் டெலிபோனை வைத்தான்.

அடுத்த ஊரிலும் ஆட்டம். அதற்கடுத்த ஊரிலும். ஜெயித்துக்கொண்டே போனார்கள். அந்த ஆள் ஒவ்வொரு ஊரிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெண்டல் ஆகிக்கொண்டே வந்தான். வெண்டல் தட்டில் வெங்காயத்தைப் பொறுக்கி ஓரமாக வைப்பான். இவனும் வைத்தான். வெண்டல் கோழி கேறுவது மாதிரிச் சிரிப்பான். டட்லி ஏதோ சொன்னதற்கு இவன் அப்படியே சிரித்தான். டட்லி முதுகில் தட்டி, "வெண்டலு, உன் சிரிப்பைக் கேட்டா முட்டை போட்டுட்டியோன்னு தோணுதுடா" என்றான். வெண்டலைப் பார்த்து அவன் எப்போதும் சொல்கிற பழைய கிண்டல் அது.

அந்த ஆள் எழுந்து போனதும் ஆர்விட் டட்லியை மடக்கினான். "அவன் வெண்டல் இல்லடா. ஆட்டத்துக்காக ஒரு பேரு சொன்னோம். அவ்வளவுதான்."

டட்லி சாப்பிடுவதை நிறுத்தினான். "என்ன உளர்றே?"

"வெண்டல் கோல்பில படுத்திருக்கான்."

"படுத்திருந்தான். அப்புறம் வந்து சேர்ந்துட்டான்ல? ஹால்வர் ரோட்டுல பின்னாலயே ஓடி வந்தானே. நீதானே அவனோட நடந்து வந்த?" அவன் ஹோமரைப் பார்த்தான். "ஏன்டா, இவனுக்கும் காய்ச்சலா?"

ஹோமர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. "இன்னும் ஒரு ஆட்டம்தான் பாக்கி. கெடுத்துடாத ஆர்விட்."

கூட்டாகச் சேர்ந்து நடிக்கிறார்கள். சீசனுக்காக நடிக்கிறார்கள். ஆர்விட் அப்படித்தான் நினைத்தான். அப்படி நினைத்ததில் அவனுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. நடிப்பு என்றால் ஒரு நாள் முடிந்துவிடுமே?

கடைசி ஆட்டத்துக்கு முன்னால் மறுபடி கோல்பிக்கு டெலிபோன் செய்தான்.

"எந்தப் பையன்?" என்றாள் மிஸஸ் டட்டில்.

"வெண்டல் அம்மா. எங்க காலேஜ் பையன். காய்ச்சலோட..."

"அவனா? அவன் அன்னைக்கே உங்க பின்னாலயே வந்துட்டானே. இங்க வேற ஒருத்தன் படுத்திருந்தான். யாரு பெத்த பிள்ளையோ. எப்படி வந்தான்னே எனக்கு நினைவில்ல. என்னைத் தெரியுதா, என்னைத் தெரியுதான்னு பார்க்கறவங்களை எல்லாம் கேட்டான். எனக்கே பயமாயிடுச்சு. இன்னைக்குக் காலைல எழுந்து போயிட்டான்."

"எங்க போனான்?"

"தண்டவாளத்தோரமா. கோட்டுகூடப் போடல."

அன்றைய ஆட்டத்தில் நடுவர் பெயர்களைக் கேட்டபோது ஆர்விட் முன்னால் வந்தான். கூடம் நிறையக் கூட்டம். சொல்லிவிட்டால் ஆட்டம் போச்சு, சீசன் போச்சு. போகட்டும். "இவன் வெண்டல் க்ராவுஸ் இல்லை" என்று கத்தினான்.

எதிர் அணியின் கேப்டனே சிரித்துவிட்டான். "எங்க ஊர்லயே போன வருஷம் வந்து எங்களைத் தோற்கடிச்ச ஆளு. இவனைத் தெரியாதா எங்களுக்கு?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இவர்கள் எல்லோருமா நடிப்பார்கள்?

புதியவன் பக்கத்தில் வந்து ஆர்விட்டின் தோளில் கை வைத்தான். தோள் மரத்துப்போகிற குளிர். காதோரம் மெதுவாகச் சொன்னான். "ஏன் ஆரி இப்படிப் பண்றே?"

அந்தப் பெயரை ஆர்விட் யாரிடமும் சொன்னதே இல்லை.

ஊர் திரும்பினார்கள். ஸ்டேஷனில் பேண்டு வாத்தியம், கொடி, கல்லூரியே திரண்டிருந்தது. வெண்டலின் அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஆர்விட் படியிலேயே நின்றுவிட்டான். ஹோமர் நடிக்கலாம், டட்லி நடிக்கலாம், ஊரே நடிக்கலாம். பெற்றவள் நடிக்க மாட்டாள். இப்போது தெரிந்துவிடும். இவள் ஒரு பார்வை பார்த்தால் போதும்...

அவள் பார்த்தாள். ஓடி வந்து புதியவனைக் கட்டிக்கொண்டாள். கன்னத்தைத் தடவினாள். "என்னடா இப்படி ஜில்லுனு இருக்கே? சட்டை மாத்தினியா?" என்று அழுதாள். பிறகு ஆர்விட்டிடம் வந்து அதே கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்ன மாதிரியே கொண்டு வந்து விட்டுட்டே தம்பி. நீ நல்லா இருப்பே."

அன்றே ஆர்விட் கோல்பிக்கு ரயில் ஏறினான். தண்டவாளத்தோரம் ஊர் ஊராகத் தேடினான். கோட்டில்லாமல் ஒருவன் போனானா என்று கேட்டான். போனான் என்றார்கள். பேர் என்ன என்று கேட்டார்கள்.  சொன்னால், "வெண்டலா? பேப்பர்ல படம் பார்த்தோமே, அவன் ஊர்லதானே இருக்கான்?" என்பார்கள். நாளாக ஆக இன்னொரு பயம் பிடித்தது. வெண்டலின் காதுக்குக் கீழே ஒரு தழும்பு உண்டு. அது இடது காதா, வலது காதா? யோசிக்க யோசிக்க அந்தப் புதியவனின் முகம்தான் முன்னால் வந்து நின்றது.

இரு சிக்னே. ஏன் எழுந்திருக்கிறாய்? உட்கார். இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது.

அடுத்த வருஷம். மறுபடி ஜனவரி. மறுபடி ஹால்வர். வெண்டல் என்று ஊர் சொன்னவன் அந்த வருஷம் ஆட வரவில்லை. அம்மாவுக்குத் துணையாகப் பண்ணையில் தங்கிவிட்டான். ஆர்விட் ஆடினான். ஆடுவதற்காக அல்ல. அந்தத் தண்டவாளத்தோரம் திரும்பப் போக அவனுக்கு வேறு வழி கிடைக்கவில்லை.

ஹால்வர் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து இறங்கும்போது படியில் பனிக்கட்டி. கால் மடங்கியது. சடக்கென்று ஒரு சத்தம். கணுக்கால் பானை மாதிரி வீங்கிவிட்டது. வண்டியில் போட்டுக் கொண்டுபோய், ஆட்டக்கூடத்துக்கு எதிரே இருந்த ஓட்டலில் மாடியறையில் படுக்க வைத்தார்கள்.

ஹோமர் கண்ணாடியைத் துடைத்தான். "நீ படு. நான் பார்த்துக்கறேன்."

ஆர்விட் அவன் சட்டையைப் பிடித்தான். "யாரை இறக்கப் போறே?"

"எவனாவது கிடைப்பான்."

"யார் பேர்ல?"

ஹோமர் கதவுப் பக்கம் திரும்பினான்.

"ஆட்டத்தை விட்டுக்கொடுத்துடு ஹோமர். தோத்ததாவே இருக்கட்டும். உன் காலைப் பிடிச்சுக் கேட்கறேன். என் பேரைச் சொல்லிடாத."

"சரிடா... சொல்லல. பேசாம தூங்கு."

கதவு சாத்தப்பட்டது. படியில் காலடிகள் இறங்கின. ஆர்விட் கட்டிலிலிருந்து உருண்டு, தரையில் ஊர்ந்து, ஜன்னலைப் பிடித்து எழுந்தான். கண்ணாடியில் உறைபனி. நகத்தால் சுரண்டினான்.

கீழே தெரு. விளக்கு. ஹோமரும் பையன்களும் எதிரே கடந்து போகிறார்கள். கறுக்... கறுக்... அவர்களுக்குக் கொஞ்சம் பின்னால் இன்னொருவன். கோட்டில்லை. விளக்குக்குக் கீழே வந்ததும் நின்றான். விரல்களை வாய்க்கருகே கொண்டு போனான். இரண்டு தடவை ஊதினான்.

பிறகு நிமிர்ந்து மாடி ஜன்னலைப் பார்த்தான்.

தழும்பு இடது காதுக்குக் கீழேதான் இருந்தது.

"வெண்டல்!" ஆர்விட் கண்ணாடியைத் தட்டினான். "வெண்டல்! டேய்! நான்தான்டா!"

அது அவன் பெயராக இல்லாமல் போய் ஒரு வருஷம் ஆகிறது. அவன் அசையவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. பசியோடு நிற்கிறவன் சாப்பாட்டுக் கடைக்குள் எட்டிப் பார்ப்பானே, அப்படித்தான் ஜன்னலைப் பார்த்தான். பிறகு மற்றவர்கள் பின்னால் படியேறிப் போனான்.

ஆர்விட் கத்தினான். தரையைத் தட்டினான். ஓட்டல்காரன்கூட ஆட்டம் பார்க்கப் போயிருந்தான். தெருவே காலி. எதிரே மாடி ஜன்னல்களில் மட்டும் வெளிச்சம். நடுவரின் குரல் ஏதோ சொல்வது லேசாகக் கேட்டது... என்னவென்று புரியவில்லை. பிறகு பந்து. தம்... தம்... சட். தம்... தம்... சட். ஆர்விட் காதைப் பொத்திக்கொண்டான்.

ஒரு கணம் எல்லாம் அடங்கியது. யாரோ வீச்சுக் கோட்டில் நிற்கிற அமைதி.

பிறகு கூட்டம் முழுக்க ஒரே குரலில் கத்தியது. காதைப் பொத்தியிருந்தும் கேட்டது.

"ஆர்விட்! ஆர்விட்! ஆர்விட்!"

அவ்வளவுதான்.

இந்தக் கதை எனக்கு எப்படித் தெரியும் என்றுதானே பார்க்கிறீர்கள்? நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஒரு பனிக்காலத்தில், ஒரு நொண்டி ஆள் எங்கள் வீட்டு வைக்கோல் கொட்டகையில் தங்கினான். சூப் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். அப்போது சொன்னான். முந்தின நாள் இந்த வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டினானாம். சிக்னேயின் அப்பா திறந்தாராம். "அண்ணே, நான்தான்" என்றானாம். அவர் அவனுக்கு ரொட்டி கொடுத்து, நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டார். ஆர்விட் உள்ளே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

எங்கள் அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "ஆர்விட் நேத்துதானே நம்மகிட்ட ரம்பம் கடன் வாங்கிட்டுப் போனான்? பாவம், பைத்தியம்" என்றார். காலையில் பார்த்தால் கொட்டகை காலி. போவதற்கு முன்னால் அவன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். இந்தப் பக்கத்தில் எந்த ஊரிலாவது ஆள் குறைகிறதா என்று.

கதை அதோடு நின்றது. சிக்னே மடியில் இருந்த போர்வையைத் திருகிக்கொண்டே இருந்தாள். அடுப்பில் கட்டை வெடித்தது. அலமாரி மேலே பந்து இருந்த பக்கம் யாரும் திரும்பவில்லை.

"சித்தப்பாவுக்குக் கால்ல அடிபட்டதா என்ன?" என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல" என்றாள் சிக்னே. "அவருக்கு எதுவுமே பட்டதில்ல."

அப்போதுதான் கதவு திறந்தது. பனிக்காற்று அடுக்களைக்குள் பாய்ந்தது. விளக்குச் சுடர் படுத்து எழுந்தது. வாசலில் சித்தப்பா நின்றார். முழங்கைவரை ஈரம். முகமெல்லாம் சிரிப்பு.

"கன்னு போட்டாச்சு! கிடாரிக் கன்னு. யாராவது லாந்தரைப் பிடிச்சுக்கிட்டு வாங்க பார்க்கலாம். என்ன எல்லாரும் பேயைப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருக்கீங்க? எவடி கதை சொன்னவ?"

 அவர் குளிரில் விறைத்த விரல்களை வாய்க்கருகே கொண்டு போனார். இரண்டு தடவை ஊதினார். ஃபூ... ஃபூ...

கதவு திறந்தேதான் இருந்தது. அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லார் மூச்சும் வெள்ளையாகக் கிளம்பி, அவரைக் கடந்து வெளியே போய்க்கொண்டிருந்தது.